விழுங்குவதும் ஒரு பாடமே!

முன்னுரை

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது நம் முன்னோர் மொழி. மெல்லுவதைப் பற்றி இவ்வளவு அழகாகச் சொன்னவர்கள், விழுங்குவதைப் பற்றி ஏன் சொல்லவில்லை? அது தானாகவே நடந்துவிடும் என்று எண்ணியதால்தான் போலும். அறிவியல் பாடத்தில் நாமும் வாயிலிருந்து இரைப்பைக்கு ஒரே வரியில் போய்விடுகிறோம். ஆனால் வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டு, சிகிச்சை பெற்று, பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கு அந்த ஒரு வரிதான் மிகக் கடினமான பாடம். அதை அவர்களோடு சேர்ந்து அவர்கள் குடும்பமும் படிக்க வேண்டும் என்பதை எடுத்துக்கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு விநாடியில் ஓர் அற்புதம்

நம் தொண்டையில் காற்றுக்கும் உணவுக்கும் பாதை ஒன்றே. சற்றுக் கீழேதான் அது முன்புறம் மூச்சுக்குழாயாகவும் பின்புறம் உணவுக்குழாயாகவும் பிரிகிறது. ரயில் வரும்போது கேட்டை மூடிச் சாலையை நிறுத்துவதுபோல, உணவு வரும்போது மூச்சின் வழியை மூட வேண்டும். நாக்கு உணவை உருட்டிப் பின்னுக்குத் தள்ளியதும், மேலண்ணத்தின் மென்மையான பகுதி எழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது, குரல்வளை மேலேறுகிறது, அதன் மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. இத்தனையும் சுமார் ஒரு விநாடியில்! தோழியரே, கழுத்தின் முன்புறம் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். இறைவனின் படைப்பை என்னென்பது!

சிகிச்சைக்குப் பின்

நம் நாட்டு ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் உள்ளது. இதற்குச் சிகிச்சை தேடும் தமிழ்நாட்டு மக்கள் முதலில் நினைப்பது அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் விடாமுயற்சியால் 1954 ஆம் ஆண்டு 12 படுக்கைகளுடன் தொடங்கிய இடம் அது. 1955 இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021 இல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரங்கள் நடக்கும். மீஞ்சூரிலிருந்து போகிறவர் சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் சென்று, பின் நகரைக் கடந்து அடையாறு சேர வேண்டும். கதிர் நோயை அழிக்கும்போது அருகிலுள்ள நல்ல பகுதிகளையும் தாக்குகிறது. வாய் முழுதும் புண்ணாகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றுகின்றன. ருசி மாறுகிறது. தாடை இறுகி வாய் திறப்பது குறைகிறது. அறுவை சிகிச்சையில் நாக்கின் ஒரு பகுதி போயிருந்தால் உணவைப் பின்னுக்குத் தள்ளுவதே பெரும்பாடு. சிலருக்குச் சில காலம் மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாய் வைத்து உணவு கொடுக்கிறார்கள். தசைகள் இறுகுவது சில ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடும்.

எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா சிகிச்சை முடிந்து வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவர் இரண்டு கரண்டி உண்டு, “மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது” என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். வீட்டார் அதைப் பிடிவாதம் என்று எண்ணி வருந்தினார்கள். உமிழ்நீர் இல்லாத வாய்க்கு எல்லாமே மண்தான் என்பது பிறகே புரிந்தது.

புரையேறுதல்

நமக்குப் புரையேறினால் “யாரோ நினைக்கிறார்கள்” என்று பாட்டி தலையில் தட்டுவார். உண்மையில் அது மூச்சுக்குழாய்க்குள் எதுவோ நுழையப் பார்க்கிறது என்னும் எச்சரிக்கை; இருமல்தான் நம் காவலாளி. சிகிச்சைக்குப் பின் சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சி மங்கி, புரையேறாமலே உணவு நுரையீரலுக்குப் போய்விடுகிறது. அதனால் நிமோனியா வரலாம். குடித்தபின் குரல் நீர் கோத்ததுபோல் ஒலிப்பது, அடிக்கடி காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே படமாகப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதை வளர்த்தவர் அமெரிக்காவின் ஜெரி லோகமன் என்னும் பெண்மணி. 1983 இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று.

தண்ணீர் எளிதா?

“சாப்பிடாவிட்டால் போகட்டும், தண்ணீராவது குடியுங்கள்” என்கிறோம். ஆனால் சிலருக்குத் தண்ணீரே ஆபத்து! மூச்சின் வழி மூடுவதற்குள் அது ஓடிவிடுகிறது. கெட்டியானது மெதுவாகப் போவதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது. வேறு சிலருக்கோ கெட்டி உணவு தொண்டையிலேயே தங்கிவிடும். யாருக்கு எது என்பதைச் சோதித்துச் சொல்பவர் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர். நாமே முடிவு செய்யலாகாது.

பல நாட்டு வல்லுநர்கள் 2013 இல் தொடங்கிய முயற்சியால் உணவும் பானமும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. பானத்தை அளக்கும் முறையைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வேண்டும். அதில் 0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருத்தல் நலம். தண்டை எடுத்துவிட்டு, அடிமுனையை விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, சரியாக 10 விநாடி ஒழுகவிட்டு மீண்டும் அடைக்க வேண்டும். மீதி 1 மில்லிக்குக் குறைவானால் நிலை 0. 1 முதல் 4 வரை நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் இருந்தும் ஒழுகுமானால் நிலை 3. தண்ணீர், மோர், கஞ்சி, கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றை அளந்தால் வேறுபாடு புரியும். கஞ்சி ஆறினால் கெட்டியாகும்; ஆதலால் கொடுக்கும் நேரத்துச் சூட்டில் அளக்க வேண்டும்.

பயிற்சியும் பொறுமையும்

பயன்படுத்தாத தசை மெலியும். எனவே நாக்கு, தாடை, தொண்டைப் பயிற்சிகளைக் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே கற்றுக்கொடுத்து, பின்னும் தொடரச் சொல்கிறார்கள். வாய் திறக்க ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களிடையே வைத்து, நாளடைவில் குச்சியின் எண்ணிக்கையைக் கூட்டும் எளிய முறையும் உண்டு. வீட்டார் செய்யக்கூடியவை: நிமிர்ந்து உட்காரவைத்தல், சிறு கவளம், காரம் குறைத்தல், உண்ணும்போது பேச்சுக் கொடுக்காதிருத்தல். நீர்த்த ரசத்தில் பருக்கை மிதக்கும் சாதம் கடினம். ஒரே பதமாக மசித்தது எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். நாம் பத்து நிமிடத்தில் உண்பதற்கு அவருக்கு ஒரு மணியும் ஆகலாம்.

பந்தியும் பலிபீடமும்

இவர்கள் கல்யாணப் பந்திக்கு வரத் தயங்குகிறார்கள். இலை எடுக்கப்படும் வரை முடிக்க முடியாது. இருமினால் எல்லாரும் பார்ப்பார்கள். கோவிலிலும் உலர்ந்த வாயில் நற்கருணை அப்பம் ஒட்டிக்கொள்ளுமே என்று பின்னால் நின்றுவிடுவோர் உண்டு. அவர்கள் குருவானவரிடம் சொன்னால் மிகச் சிறு துண்டாகத் தருவார். தேவையானால் இரச வடிவில் மட்டும் வழங்கவும் 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 925 ஆம் பிரிவு இடம் தருகிறது. தொண்டை நோயாளரின் பாதுகாவலரான புனித பிளாசியுவின் திருநாள் பிப்ரவரி 3. அன்று மெழுகுவர்த்திகளால் தொண்டையை மந்திரிக்கும் வழக்கம் திருச்சபையில் உண்டு. இவர்களை அன்று நாமே அழைத்துச் செல்லலாமே!

முடிவுரை

வருமுன் காப்பதே சிறந்தது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு முகமை அறிவித்துள்ளது. 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. இவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் பணிவுடன் எடுத்துச் சொல்வோம். ஏற்கெனவே நோயை வென்று வந்தவர் நம் வீட்டில் இருந்தால், “இன்னும் முடிக்கவில்லையா?” என்று கேளாமல், அவர் முடிக்கும் வரை பக்கத்தில் அமர்ந்திருப்போம்.