விலை கேட்கப் போகிற மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

கழுகுமலை ரோட்டில் 50 சென்ட் கரிசல் புஞ்சைக்கு விலை கேட்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். அட்வான்ஸ் போட்டு, கெடுவுக்குள் இன்னொருவருக்குக் கைமாற்றிவிடும் யோசனையாம். அமெரிக்காவில் இதை ஹோல்சேலிங் என்கிறார்கள். ஓராண்டுக்குள் ஒன்றுக்கு மேல் இப்படிச் செய்கிறவர் தரகர் உரிமம் வாங்கவேண்டும் என்று இல்லினாய் மாநிலம் 2019இல் சட்டத்தையே திருத்தியது. சங்கரன்கோவில் டீக்கடைகளில் இந்தத் தொழிலுக்குத் தனிப் பெயர் கிடையாது. ஆனாலும் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

அனுபவப்பட்ட தரகர் திண்ணையில் உட்கார்ந்ததும் விலையைப் பேசமாட்டார், மஞ்சப்பையைத்தான் கேட்பார். நிலத்துக்காரப் பெரியவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துவருவார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்த மூலப்பத்திரம், ரேஷன் கார்டு நகல், தீர்வை ரசீது எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். பத்திரத்தை விரித்தால் கரிசல் மண்வாசம்கூட வரும். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும். அப்போது தரகர் கேட்கிற முதல் கேள்வி, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

இந்தக் கேள்வியைக் கேட்காததால் முறிந்த பேச்சுகள்தான் அதிகம். பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்தது. அதில் அதற்கு முன்பே கல்யாணமான பெண்கள் விடுபட்டிருந்தார்கள். 2005இல் வந்த மத்தியச் சட்டம் அந்தக் குறையையும் போக்கியது. தங்கச்சி தூத்துக்குடியில் இருந்தாலும் திருப்பூரில் இருந்தாலும் அவள் கையெழுத்து இல்லாத கிரயம் நாளைக்கு வழக்காகும். அண்ணன் ஒருவரிடம் மட்டும் கேட்ட விலை பாதி விலைதான். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பார்த்துவிட்டே போ.

இனி கணக்கு. கடைசியில் வாங்குகிறவர் சென்ட்டுக்கு 20,000 தருவார் என்று வைத்துக்கொள். மொத்தம் 10 லட்சம். அளவை, ஒப்பந்தப் பதிவு, அலைச்சல் என்று 50,000 கழித்து, உன் கூலி ஒரு லட்சத்தையும் கழித்தால் நீ கேட்கக்கூடிய உச்ச விலை எட்டரை லட்சம், அதாவது சென்ட்டுக்கு 17,000. உன் பேரிலேயே கிரயம் முடித்து மறுபடி விற்கலாம் என்று நினைத்தால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். எட்டரை லட்சத்துக்கு 76,500 ரூபாய். லாபத்தில் முக்கால்வாசி அதிலேயே போய்விடும். அதனால்தான் ஒப்பந்தத்தில் "எனக்கோ நான் காட்டும் நபருக்கோ" கிரயம் செய்து தரவேண்டும் என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த வரியைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டி, நீ கைமாற்றப் போவதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடு. பின்னால் யாரோ வந்து கிரயத்துக்கு நிற்கும்போது ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் அவருக்கு வரக்கூடாது. வாங்க வருகிறவர் மனைப்பிரிவு போடுகிறவர் என்றால் ஒன்றை நினைவில் வை. 2016க்குப் பிறகு அங்கீகாரமில்லாத புது மனையை சார்பதிவாளர் பதியமாட்டார்.

மதுரையில் நடந்த ஒரு வழக்கை நீ கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். 1978 டிசம்பரில் ஒருவர் ஒரு வீட்டை 60,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதக் கெடு வைத்து ஒப்பந்தம் எழுதினார். கெடு கடந்தும் பேசாமல் இருந்துவிட்டார். ஒப்பந்தம் எழுதி இரண்டரை வருஷம் கழித்து, 1981 ஜூலையில்தான் நோட்டீஸ் அனுப்பினார். அதற்குள் விலை மூன்று மடங்காகிவிட்டது என்றது விற்பவர் தரப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1997இல் வந்த தீர்ப்பில் வீடு அவருக்குக் கிடைக்கவில்லை. வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது என்பதற்காக, சின்னத் தொகையைக் கொடுத்துவிட்டு விலை ஏறும்வரை சும்மா இருந்தவருக்குக் கிரயம் செய்து தரச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

அந்த இரண்டரை வருஷமும் விற்கிறவர் நிலைமை என்ன? வேறு ஆளுக்கு விற்கவும் முடியாது, கையில் பணமும் கிடையாது. மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ நிலத்தை விற்கிற குடும்பத்துக்குத் தொகையைவிடத் தேதிதான் முக்கியம். 9 லட்சம் என்று சொல்லி ஆறு மாதம் இழுப்பவரைவிட, எட்டரை லட்சத்தை 60 நாளில் தருகிறவரை அந்த வீட்டுக்காரி நம்புவாள். உன்னால் ஆகிற தேதியை மட்டும் சொல். ஆளே கிடைக்காமல் கெடு முடிந்தால் அட்வான்ஸ் யாருக்கு என்பதையும் அன்றைக்கே எழுதிவிடு.

2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாகவேண்டும். வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளாதே. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடு. நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், பணத்தை வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். பெரியவரை அதில் மாட்டிவிடாதே.

திங்கட்கிழமை போகும்போது அவர் மகளையும் வரச்சொல்லு. அன்றைக்கு விலை எதுவும் சொல்லவேண்டாம். பத்திர நகலை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வா, சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
மாமா