எல்லாக் குப்பியும் ஒரே விலை என்றால்

வாசனை எண்ணெய் விற்கும் கடை எதுவானாலும் அலமாரி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. சிதம்பரம் கோயில் வீதியில் நின்று பார்த்தாலும் சரி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து கைபேசியில் தேடினாலும் சரி. மல்லிகை, ரோஜா, சந்தனம், லாவண்டர், எலுமிச்சைப்புல், வெட்டிவேர் என்று பத்து மில்லி குப்பிகள் வரிசையாக நிற்கும். எதை எடுத்தாலும் 150 ரூபாய். அரோமாதெரபி என்ற பெயரில் இவற்றை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தூக்கம் வர, தலைவலி போக, வீடு மணக்க என்று ஆளுக்கொரு காரணம். கையிலிருக்கும் சிறு தொகைக்கு ஏமாறாமல் வாங்க வேண்டுமானால், இந்தக் குப்பிகளைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளை முதலில் ஒதுக்கியாக வேண்டும்.

நம்பிக்கை: மலிவென்றால் கலப்படம், விலை கூடினால் சுத்தம்.

இது பாதி கூட உண்மையில்லை. ஒரு செடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அதை எடுக்க எவ்வளவு நேரமும் எரிபொருளும் செலவாகிறது, அந்தப் பயிர் எங்கே எவ்வளவு விளைகிறது என்பதையெல்லாம் பொறுத்து அமைவது விலை. உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் புதினா வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கின்றன. உலகச் சந்தைக்குப் போகும் மெந்தா எண்ணெயில் பெரும்பங்கு இந்தியாவுடையது. அதனால் புதினா எண்ணெய் மலிவு. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் பழச்சாறு ஆலைகளின் துணைப்பொருள், அதனால் மலிவு. எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா, யூகலிப்டஸ் எல்லாம் இலையிலேயே தாராளமாக எண்ணெய் வைத்திருப்பவை. இவை குறைந்த விலையில் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. எலுமிச்சைப்புல் எண்ணெயை ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மல்லிகைக் கணக்கு வேறு. மல்லிகையைப் பொதுவாக ஆவியில் வடிப்பதில்லை; சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும். சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் கரைப்பான் ஊற்றி முதலில் மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ எடுக்கிறார்கள். பிறகு அதை ஆல்கஹாலில் கழுவி ‘அப்சல்யூட்’ ஆக்குகிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை கிலோ தேறும். பூ கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (முகூர்த்த நாளில் இந்த விலை சொன்னால் பூக்காரம்மா சிரிப்பார்.) பத்து கிராம் அப்சல்யூட்டில் பூவின் விலை மட்டுமே 1,300 முதல் 2,000 ரூபாய் வரை ஆகிறது. ஆலைச் செலவு, குப்பி, கடைக்காரர் லாபமெல்லாம் இனிமேல்தான். அப்படியிருக்க 150 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘மல்லிகை எசென்ஷியல் ஆயில்’ எதுவாக இருக்கும்? ஆலையில் கலந்த செயற்கை வாசனை. ரோஜாவும் இப்படித்தான், ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு டன் கணக்கில் பூ வேண்டும்.

ஆகவே ஒரு கடையில் எல்லாக் குப்பிக்கும் ஒரே விலை என்பதே போதிய துப்பு. புதினாவும் மல்லிகையும் ஒரே விலையில் விற்கிற ஊர் எங்கேயும் இல்லை. சிக்கனமாக வாங்க நினைப்பவர் செய்யக்கூடாத ஒன்று, விலையுயர்ந்த செடியின் மலிவுப் பதிப்பைத் தேடுவது. இயல்பிலேயே மலிவான செடியை எடுத்தால் அசலே கையில் கிடைக்கும். லாவண்டரில் மட்டும் ஒரு நடுவழி உண்டு. லாவண்டின் என்ற கலப்பினம் அதிக எண்ணெய் தருவதால் விலை குறைவு. அதில் கற்பூர நெடி சற்றுத் தூக்கலாக இருக்கும். லேபிளில் லாவண்டின் என்றே எழுதி விற்றால் அது நேர்மையான சரக்குதான்.

நம்பிக்கை: வெட்டிவேர் நம்ம ஊர் சரக்கு, எண்ணெயும் சல்லிசாகக் கிடைக்கும்.

நம்ம ஊர் சரக்கு என்பது சரி. கடலூரிலிருந்து தெற்கே கடற்கரையை ஒட்டி நொச்சிக்காடு போன்ற ஊர்களில் வெட்டிவேர் முறையாகப் பயிராகிறது. மணற்பாங்கான நிலத்தில் வேர் தடையில்லாமல் ஆழ இறங்கும், அறுந்துபோகாமல் தோண்டவும் முடியும் என்பதால் அந்த மண் இதற்கு வாகு. நட்டு ஓராண்டு ஒட்டித் தோண்டுகிறார்கள்.

எண்ணெய் ஏன் சல்லிசில்லை என்பதை இந்த வேரே சொல்லும். காய்ந்த வேரில் எண்ணெய் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். வெட்டிவேர் எண்ணெய் கனமானது, சீக்கிரம் ஆவியோடு கிளம்பாது. எலுமிச்சைப்புல் சில மணி நேரத்தில் எண்ணெயை விட்டுவிடும். இதற்கோ கொப்பரையை ஒரு நாள் முழுக்கவும் அதற்கு மேலும் எரிக்க வேண்டும். வேரைக் கிலோ நூறு ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டாலும் பத்து மில்லிக்கு வேரின் விலையே நூறு ரூபாயைத் தொட்டுவிடும். விறகும் கூலியும் அதன் மேல் ஏறும். ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் ‘சுத்தமான’ வெட்டிவேர் எண்ணெயில் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கடலூர்க்காரருக்கு என் யோசனை இதுதான்: எண்ணெயை விடுங்கள், வேரை வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு வாங்கிப் பானைத் தண்ணீரில் போடலாம், துணிப் பையில் கட்டி அலமாரியில் வைக்கலாம். வெட்டிவேர்த் தட்டியை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டால் மின்சாரமே இல்லாத டிஃப்யூசர். தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் தலைக்குத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வேரிலிருந்து வடித்தெடுத்த எசென்ஷியல் ஆயில் அல்ல, வேர் ஊறிய தேங்காய் எண்ணெய். அதைக் குப்பியில் அடைத்து எசென்ஷியல் ஆயில் விலைக்கு விற்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

நம்பிக்கை: மோந்து பார்த்தே அசலைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூக்கை நம்புவதற்கும் மூக்கை மட்டும் நம்புவதற்கும் உள்ள தூரத்தைக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். ரசாயன ஆலைகளின் நெடியோடு வாழ்ந்த அவர்கள் 2004 முதல் சமூகச் சூழல் கண்காணிப்பாளர்களாகத் திரண்டு, என்ன நெடி, எந்த நேரம், எந்த இடம் என்று குறித்து வைத்தார்கள். அழுகிய முட்டை நெடி ஒரு நாள், பழ வாசம் ஒரு நாள். அதோடு நிறுத்தாமல் வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நெடியைப் பிடித்தது மூக்கு, காற்றில் இருந்தது என்ன என்று சொன்னது ஆய்வகம். இனிமையாக மணந்த காற்று நல்ல காற்றில்லை என்பதும் அந்த ஊர்களுக்குப் பாடமெடுக்காமலே தெரியும்.

எண்ணெய்க் குப்பிக்கும் இதே நியாயம்தான். லாவண்டரின் மணத்துக்குக் காரணமான லினலூலை ஆலையிலும் செய்கிறார்கள்; வெறும் மூக்குக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. எண்ணெயைக் கூறுகூறாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி சோதனைதான் ஓரளவு நம்பகமானது. நல்ல விற்பனையாளர் தொகுதி எண்ணோடு அந்த அறிக்கையைக் கேட்டால் தருவார். அது இல்லாவிட்டாலும் தாவரவியல் பெயர், எந்தப் பாகம், எப்படி எடுத்தது, எங்கே விளைந்தது ஆகிய நான்கும் லேபிளில் இருக்க வேண்டும். ‘தெரபியூட்டிக் கிரேடு’ என்ற முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். அப்படி ஒரு தரத்தை எந்த அரசும் வகுக்கவில்லை. அது கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பட்டம். நம் நாட்டில் அக்மார்க், உலக அளவில் ஐஎஸ்ஓ ஆகியவற்றில் சில எண்ணெய்களுக்குத் தர வரையறை இருக்கிறது, வெட்டிவேருக்கும் உண்டு.

வீட்டுச் சோதனைகளில் பெயர்பெற்றது காகிதச் சோதனை. ஒரு சொட்டு விட்டுக் காய்ந்தபின் கறை இல்லையென்றால் சுத்தம் என்பார்கள். தேங்காய் எண்ணெயோ பாரஃபினோ கலந்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். அசல் வெட்டிவேரும் சந்தனமும் கறை விடும். ஆல்கஹால் கலந்த போலி கறையே விடாது. தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதும் எல்லா எண்ணெய்க்கும் பொருந்தாது. அசல் கிராம்பு எண்ணெய் மூழ்கும்.

வீடு மணந்தால் போதும் என்கிறவர் செயற்கை வாசனை வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. அதற்கு எசென்ஷியல் ஆயில் விலை கொடுப்பதுதான் வீண்.

நம்பிக்கை: இயற்கையானது, ஆகவே தீங்கில்லை.

கடலூர் மாவட்டத் தலமரங்களில் இரண்டைப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூரின் பாதிரி, பூவெல்லாம் மணம். சிதம்பரத்தின் தில்லையை இன்று பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் சில காலத்துக்குப் பார்வையே மங்கிப்போகலாம். இரண்டும் இயற்கைதான், இரண்டையும் கும்பிடுகிறோம். தில்லைப் பாலை யாரும் கண்ணில் விட்டுக்கொள்வதில்லை.

யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் விழுங்கினால் வலிப்பு வரலாம். குழந்தைகளுக்குச் சிறு அளவே போதும். விழுங்காமல் தைலமாகப் பூசி முகர்ந்தவர்களிடமும் வலிப்பைக் கண்டதாகத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கைக்குழந்தையின் மூக்கருகே யூகலிப்டஸ், கற்பூரம், மெந்தால் எதுவும் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பூனை வளர்க்கிற வீட்டில் டீ ட்ரீ எண்ணெயைத் தள்ளி வையுங்கள், பூனையின் ஈரல் இதைத் தாங்காது. எந்த எண்ணெயையும் குடிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் வரும் ‘வெந்நீரில் இரண்டு சொட்டு’ யோசனைகளைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

தோலில் பூசுவதானால் கலந்துதான். ஒரு மில்லி என்பது சுமார் இருபது சொட்டு. பத்து மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ இரண்டு முதல் நான்கு சொட்டு விட்டால் ஒன்று, இரண்டு சதவீதம் வரும். அதற்கு மேல் அவசியமில்லை. இந்தக் கணக்கில் பத்து மில்லி குப்பி மாதக்கணக்கில் ஓடும் என்பது சிக்கனக்காரருக்குச் சந்தோஷம். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் கன்றிக் கறுக்கும். கடலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

நம்பிக்கை: அரோமாதெரபி நோயைக் குணமாக்கும்.

இந்தத் துறைக்கு ஒரு தலபுராணமே உண்டு. பிரெஞ்சு வாசனைத் தொழில் வேதியியலாளர் ரெனே மோரீஸ் கட்டஃபோசே ஆய்வகத்தில் கை வெந்தபோது தற்செயலாகப் பக்கத்திலிருந்த லாவண்டர் எண்ணெயில் கையை முக்கினாராம், புண் மாயமாக ஆறியதாம். 1910-இல் வெடிவிபத்து நடந்ததும் அவர் காயப்பட்டதும் உண்மை. தற்செயலாக முக்கிய கதை பின்னால் வந்த ஒட்டு. புண்ணில் தொற்று கண்டபின், தெரிந்தே லாவண்டரால் கழுவியதாகத்தான் அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்த நூல் வெளிவந்தது 1937-இல்.

இன்றைக்குத் தெரிந்தவரை, பிடித்த மணம் பதற்றத்தைச் சற்றுத் தணிக்கலாம், தூக்கத்துக்கு இதமாக இருக்கலாம். லாவண்டர் மனப்பதற்றத்தைக் குறைப்பதாக விளம்பரங்கள் காட்டும் ஜெர்மானிய ஆய்வுகள் பலவும் 80 மில்லிகிராம் அளந்து அடைத்த மாத்திரையைப் பற்றியவை, முகரும் குப்பியைப் பற்றியவை அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று பட்டியல் போடுகிற விற்பனையாளரிடம் வாங்காமல் வருவதே லாபம்.

மழைக்காலத்தில் இங்கே சிட்ரோனெல்லா விற்பனை சூடுபிடிக்கும். கொசு விலகும், ஆனால் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் பலன் நெடுநேரம் நிற்காது. டெங்கு நாட்களில் அதை மட்டும் நம்பிக் குழந்தைகளைக் கொசுவலை இல்லாமல் தூங்க வைக்காதீர்கள்.

நம்பிக்கை: பெரிய குப்பி வாங்கினால் மிச்சம்.

நூறு மில்லி வாங்கினால் மில்லிக்கு விலை குறையும், வாஸ்தவம். ஆனால் ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் காற்றும் சூடும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றிலுள்ள லிமோனீன் அப்படி மாறினால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கலாம். மூடி திறந்த குப்பியை நம் வீட்டுச் சூட்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பது சரியல்ல. ஆகவே இந்தப் பழத்தோல் எண்ணெய்களைப் பத்து மில்லியாக, அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில் வாங்கி, வாங்கிய தேதியை மூடியில் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் குளிர்ச்சியாக வையுங்கள். பழசான எண்ணெயைத் தரை துடைக்கும் தண்ணீரில் விட்டுத் தீர்க்கலாம். வெட்டிவேர், சந்தனம், பச்சோலி மாதிரியான கனத்த எண்ணெய்களுக்கு இந்தப் பயம் இல்லை; அவை ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் மணம் முதிருமே தவிரக் கெடாது.