சாரல் ஓயட்டும், ஓட்டையை அடைக்கலாம்

கேள்வி: டிவி மாட்டிக் கழற்றிய இடத்தில் சுவரெல்லாம் ஓட்டை. கடையின் ஜிப்சம் போர்டு தடுப்பிலும் கையகலப் பொத்தல். குறைந்த செலவில் நானே அடைக்க முடியுமா?
— வாசகர், மேலகரம்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் இப்போது வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலில் உங்கள் பக்கத்துச் சுவர்கள் ஈரம் கோத்திருக்கும். மேலே வைக்கும் பட்டி சரியாகக் காயாமல் உரிந்துவிடும். நன்றாக வெயில் ஏறட்டும்.

சிமெண்ட் சுவர் என்றால் ஓட்டையைச் சுற்றி லேசாகத் தட்டிப் பாருங்கள். 'பொத்'தென்று கேட்டால் பூச்சு உள்ளே விட்டிருக்கிறது. அதை உளியால் கொத்தி எடுங்கள். தூசு தட்டி, தண்ணீர் தெளியுங்கள். ஆணி ஓட்டைக்கு வெள்ளை சிமெண்ட் பட்டி போதும். ஆழமான பள்ளத்துக்கு 1 பங்கு சிமெண்ட், 4 பங்கு சலித்த மணல். பூசியதற்குச் சில நாள் தண்ணீர் காட்டி, காய்ந்தபின் உப்புத்தாள் போடுங்கள்.

ஜிப்சம் போர்டுக்கு சிமெண்ட் ஆகாது. பொத்தலைச் சதுரமாக வெட்டி, உள்ளே மரச்சட்டம் வைத்து முடுக்கி, அதே கனத்தில் துண்டுப் பலகையைப் பொருத்துங்கள். இணைப்பில் வலை டேப் ஒட்டி, ஜிப்சம் பட்டியை மெல்லிசாக இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். ஊறி உப்பிய போர்டை ஒட்டுப்போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். எதற்கும் முன்னால், கூரையிலோ குழாயிலோ கசிவு இருந்தால் அதை நிறுத்துங்கள்.