சாயம் பற்றும் பிணைப்பு

நுழையும்முன்
திருப்பூரின் பருத்திப் பனியன் பலமுறை துவைத்தாலும் நிறம் மங்காதிருக்கிறது. அந்நிறத்தை ஏற்ற உதவிய உப்போ துணியில் தங்காமல் நொய்யலில் கலந்தது. இவ்விரண்டுக்கும் காரணம் அணுக்கள் பிணையும் முறையே ஆகும்.

பகிர்வும் வாய்பாடும்
இரு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால் பிணைப்பு உண்டாகிறது என்று 1916ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியல் அறிஞர் கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். இதுவே சகப்பிணைப்பு. ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள் உள்ளன; எட்டை நிறைவுசெய்ய இரண்டு தேவை. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்று. அதற்குத் தேவையும் ஒன்று. எனவே ஓர் ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜன்களுடன் பகிர்ந்து நீர் மூலக்கூறாகிறது. வாய்பாட்டில் ஹைட்ரஜனுக்கு அருகே நாம் எழுதும் 2 என்னும் எண், இப்பகிர்வின் கணக்கேயாகும்.

பருத்தியும் சாயமும்
பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறால் ஆனது. அதன் ஒவ்வோர் அலகிலும் 6 கார்பன், 10 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அவற்றுள் மூன்று ஆக்சிஜன்கள் ஹைட்ராக்சில் தொகுதிகளாக அமைந்துள்ளன. சாயத்தொட்டியில் சோடா உப்பு சேர்த்ததும் காரத்தன்மை உண்டாகிறது. ஹைட்ராக்சில் தொகுதி தன் ஹைட்ரஜனை அயனியாக இழக்கிறது. எஞ்சிய ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இணையை வினைபடு சாயத்தின் கார்பனுடன் பகிர்கிறது. இழையும் சாயமும் ஒரே மூலக்கூறாகிவிடுவதால் சோப்பு நீரால் நிறத்தைப் பிரிக்க இயலுவதில்லை. எனினும், நீரிலுள்ள ஆக்சிஜனும் சாயத்துடன் வினைபுரிகிறது. அவ்வாறு வினைபுரிந்த சாயம் துணியில் ஒட்டாது; அலசும்போது கழிவாக வெளியேறுகிறது.

தெரிந்து தெளிவோம்
பருத்தியுடன் சகப்பிணைப்பு கொள்ளும் முதல் வணிகச் சாயங்கள் 1956இல் 'புரோசியன்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தன.

பிணையாத உப்பு
நீரில் பருத்தி இழையும் சாயமும் எதிர்மின்சுமை பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. அவ்விலக்கத்தைத் தணிக்கச் சமையலுப்போ சோடியம் சல்பேட்டோ சேர்க்கப்படுகிறது. சமையலுப்பில் சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. குளோரின் அதனை ஏற்கிறது. வெளிக்கூடு நிறைந்த இவ்வயனிகள் இழையுடன் எலக்ட்ரானைப் பகிர்வதில்லை. ஆதலின் சேர்த்த உப்பு கழிவுநீருடன் வெளியேறுகிறது. நுண்ணுயிர்களைக்கொண்டு செய்யும் சுத்திகரிப்பும் அதனை நீக்குவதில்லை.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியே காவிரியில் கலப்பது நொய்யல். பாசனத்திற்காக அதன் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது; நிலத்தடி நீர் உவர்த்தது; உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் எதிர்ச்சவ்வூடு பரவலாலும் ஆவியாக்கலாலும் நீரையும் உப்பையும் மீட்கும் முறைகள் வலுப்பெற்றன.

கற்பவை கற்றபின்
1. நைட்ரஜனின் வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான்கள் உள்ளன. அம்மோனியாவின் வாய்பாட்டைப் பகிர்வுக் கணக்கால் வருவிக்க.
2. சாயம் துணியில் தங்க, உப்பு நீரில் எஞ்சுவது ஏன்? விளக்குக.
3. உங்கள் ஊர் நீர்நிலையில் கலக்கும் கழிவுகளைக் கண்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.