பிள்ளை இன்னும் நடக்கவில்லையா? – பெற்றோருக்கு ஒரு பாடம்



எமது மண்டபத்தில் பூசை முடிந்து பிரசாதம் வாங்க நிற்கும் வேளையில் இளம் தாய்மாரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் சில உண்டு. “பிள்ளை உடம்பு பிரட்டுதோ?” “இருக்குதோ?” “இன்னும் நடக்கேல்லையோ?” கேட்பவர் அன்பினாலேயே கேட்கிறார். ஆனால் பிள்ளை பிந்துகிறது என்று ஏற்கெனவே கவலைப்படும் தாய்க்கு அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். பதில் சொல்ல விரும்பாமல் கோயிலுக்கு வருவதையே குறைத்துக்கொண்ட தாய்மாரையும் நாம் அறிவோம்.

நாம் வைத்தியர் அல்லோம், கணக்காளர். ஆயினும் இங்கிலாந்தில் பிள்ளை வளர்த்த தகப்பன் என்ற முறையிலும், ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருடன் வைத்தியரிடம் துணைக்குச் சென்றவர் என்ற முறையிலும், அறிந்தவற்றை ஒழுங்குபடுத்தி இங்கு தருகின்றோம். எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்குப் பொறுத்திருக்கலாகாது என்பதைப் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. எம் முன்னோரின் கணக்கு

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கவனிப்பது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட ஒன்றன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கின்றது. ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரைப் பருவம். இருந்தபடி கை கொட்டுவது சப்பாணிப் பருவம். தளர்நடை நடந்து வருவது வருகைப் பருவம். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி இவை முறையே 5ஆம், 9ஆம், 13ஆம் மாதங்களுக்குரியவை.

இக்கணக்கு இன்றைய வைத்திய நூல்கள் கூறும் வயதுகளுக்கு மிக அண்மித்தது என்பது வியப்புக்குரியது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பருவங்களுக்குரிய மாதங்களைக் கூறுவதில் பாட்டியல் நூல்களே ஒன்றோடொன்று வேறுபடுகின்றன. ஆகவே எல்லாப் பிள்ளையும் ஒரே திகதியில் ஒரே செயலைச் செய்யும் என்று அன்றும் எவரும் எதிர்பார்த்ததில்லை.

2. இன்றைய கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 ஆரோக்கியமான பிள்ளைகளை நேரில் கவனித்துச் செய்யப்பட்ட ஆய்வு இது. பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லோரும், அதாவது 100க்கு 98 பேர், ஒவ்வொரு செயலையும் செய்யத் தொடங்கிய வயதெல்லை வருமாறு:

துணையின்றி இருத்தல்: 3.8 முதல் 9.2 மாதம்
பிடித்தபடி நிற்றல்: 4.8 முதல் 11.4 மாதம்
கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல்: 5.2 முதல் 13.5 மாதம்
பிடித்தபடி நடத்தல்: 5.9 முதல் 13.7 மாதம்
தனியே நிற்றல்: 6.9 முதல் 16.9 மாதம்
தனியே நடத்தல்: 8.2 முதல் 17.6 மாதம்

இதனை இரண்டு தரம் வாசிக்கும்படி வேண்டுகின்றோம். ஒரு பிள்ளை 9 மாதத்தில் நடக்கலாம். இன்னொரு பிள்ளை 17 மாதத்தில் நடக்கலாம். இருவரும் சுகமான பிள்ளைகளே. முந்தி நடந்த பிள்ளை கெட்டிக்காரன் என்றோ, பிந்தி நடந்த பிள்ளை மந்தம் என்றோ இதிலிருந்து முடிவுகட்ட இடமில்லை.

அதே ஆய்வில் 100க்கு 4 பேர் வரையிலான பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவேயில்லை. நேரே எழுந்து நடந்தார்கள், அல்லது வேறு விதமாக நகர்ந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2022இல் தனது வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்து நீக்கிவிட்டது.

குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு வேறு. பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறக்கவேண்டியிருந்த நாளிலிருந்து எண்ணவேண்டும். 8 கிழமை முந்திப் பிறந்த பிள்ளைக்கு இன்று 10 மாதம் என்றால், அதனை 8 மாதப் பிள்ளையாகவே கொள்ளவேண்டும். 2 வயது வரை இவ்விதம் கணக்கிடுவது வழக்கம்.

3. அரக்கும் பிள்ளைகள்

எமது இரண்டாவது மகன் தவழவேயில்லை. இருந்த இருப்பில் ஒரு கையை ஊன்றி அரக்கி அரக்கியே வீடு முழுவதும் சென்றான். 16 மாதத்திலும் கதிரையைப் பிடித்து நின்றானேயொழிய ஓரடி வைக்கவில்லை. மண்டபத்தில் பலர் பலவிதமாகக் கூறினர். ஊரிலுள்ள எமது தாயாரிடம் தொலைபேசியில் கூறியபோது, “தம்பி, நீயும் அரக்கினனிதான். ஒண்டரை வயசு கழிஞ்சுதான் எழும்பி நடந்தனி” என்றார்.

இது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. அரக்கும் பழக்கம் சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதுண்டு. அப்பிள்ளைகள் பிந்தி நடப்பதும் வழக்கம். வைத்தியர் முதலில் கேட்பதும் தாய் தந்தையர் எப்போது நடந்தார்கள் என்பதையே. ஆகவே அப்பம்மா, அம்மம்மா ஆகியோரிடம் கேட்டு அறிந்து வைத்திருங்கள்.

இருந்தும் 18 மாதம் நிறைந்ததும் மகனை ஜீ.பீ.யிடம் கொண்டு சென்றோம். அவர் காலையும் முதுகையும் பார்த்து, தசை நோய் உண்டோ என்று அறிய இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை. குறையொன்றும் இல்லை என்று பதில் வந்தது. 20 மாதத்தில் நடந்தான். ஊரில் தாயார் சொன்னதும் சரி, வைத்தியர் இரத்தம் எடுத்ததும் சரி. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது என்பதே இங்கு கற்கவேண்டியது.

4. பொறுத்திருக்கலாகாதவை

கீழ்க்காணும் நிலைகளில் “பாப்பம், பாப்பம்” என்று நாளைக் கடத்தலாகாது:

அ. முன்பு செய்த ஒன்றைப் பிள்ளை பின்பு செய்யாமல் விடுதல். எந்த வயதிலும் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டிய அறிகுறி இது.
ஆ. தூக்கும்போது துணிபோலத் துவண்டு போதல், அல்லது கைகால் விறைத்திருத்தல். துவளும் பிள்ளைக்குப் பால் குடிப்பதிலோ மூச்சு விடுவதிலோ கஷ்டம் இருந்தால் அது அவசரம்.
இ. 4 மாதம் கடந்தும் தலை நில்லாமை.
ஈ. 1 வயதுக்கு முன்னரே ஒரு கையை மாத்திரம் பாவித்தல், அல்லது ஒரு கை எப்போதும் பொத்தியபடி இருத்தல்.
உ. 9 மாதம் கடந்தும் துணையின்றி இருக்காமை.
ஊ. 18 மாதம் நிறைந்தும் தனியே நடக்காமை. ஆண் பிள்ளையாயின் தசை நோய்க்கான இரத்தச் சோதனை பற்றிக் கேளுங்கள்.
எ. நடக்கத் தொடங்கிய பின் நொண்டுதல், அல்லது எப்போதும் நுனிக்காலில் நடத்தல்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைப் பெயர் குறிப்பிடாமல் கூறுகின்றோம். 7 மாதப் பெண் குழந்தை எதையும் இடக் கையாலேயே எடுத்தாள். “நொட்டாங்கைப் பிள்ளை போலக் கிடக்கு” என்று எல்லோரும் சிரித்தார்கள். தாய் மட்டும் சிரிக்கவில்லை. குளிக்க வார்க்கும்போது வலக் கை விரல்கள் விரியாததை அவர் கண்டிருந்தார். ஒரு வயதுக்கு முன் கைப்பழக்கம் இப்படித் திடமாவது வழக்கமன்று என்பதை அறியாமலே, மனம் கேளாமல் ஹெல்த் விசிட்டரிடம் சொன்னார். பிள்ளையின் மூளையில் ஒரு பகுதி பிறப்பதற்கு முன்பே பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அன்று தொடங்கிய தேகப்பயிற்சிச் சிகிச்சையால் இன்று அப்பிள்ளை இரு கையாலும் தாளம் போட்டுத் தேவாரம் பாடுகின்றாள். நோய் முற்றாக நீங்கிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. காலம் வீணாகவில்லை என்றே சொல்கின்றோம்.

காலம் ஏன் பெரிது? முள்ளந்தண்டு நரம்புகள் நலிவதால் தசைகள் சோரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. முன்னர் இதற்கு மருந்தே இருக்கவில்லை. 2019 முதல் இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய சேவையில் இதற்கு மருந்து கிடைக்கின்றது. 2021இல் மரபணுச் சிகிச்சையும் வந்தது. எவ்வளவு முந்திக் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு நன்மை. இந்நோய் அரிதானதே. ஆனால் அரிதான நோய் எவர் வீட்டுக் கதவைத் தட்டும் என்று எவருக்குத் தெரியும்?

5. சூரியனும் பாயும்

இந்நாட்டில் எம்மவர் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறை உண்டு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை இங்குள்ள வெயிலில் எமது தோல் போதிய வைற்றமின் டீ உண்டாக்குவதில்லை. கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் அதிகம் வேண்டும். இச்சத்து மிகவும் குறைந்தால் எலும்பு மெலிந்து, கால் வளைந்து, நடை பிந்தும். ஆகவே தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்த நாள் முதல் நாளொன்றுக்கு 8.5 முதல் 10 மைக்குரோகிராம் வைற்றமின் டீ துளி மருந்தாகக் கொடுக்கவேண்டும். பால்மா நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் குடிக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை. 1 முதல் 4 வயது வரை 10 மைக்குரோகிராம். தாய்மாரும் எடுக்கவேண்டும். “தாய்ப்பாலில் எல்லாம் இருக்கு” என்பது மற்றெல்லாவற்றுக்கும் பொருந்தினும் இதற்குப் பொருந்தாது.

அடுத்தது பாய். ஊரில் பிள்ளை தடுக்கிலும் பாயிலும் சீமெந்து நிலத்திலும் கிடந்து உருண்டது. இங்கோ கார் இருக்கை, தள்ளுவண்டி, ஆடும் கதிரை என்று பிள்ளை நாள் முழுவதும் வார் பூட்டியபடி இருக்கின்றது. நித்திரைக்கு மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு, அதில் மாற்றமில்லை. ஆனால் விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து, நாளுக்குப் பல தடவை குப்புறக் கிடத்தவேண்டும். கழுத்தும் தோளும் முதுகும் அதனாலேயே பலம் பெறும்.

சில்லுப் பூட்டிய வோக்கரில் பிள்ளையை இருத்தினால் விரைவில் நடக்கும் என்பது தவறான எண்ணம். அது நடையை முந்த வைப்பதில்லை. படிக்கட்டில் உருண்டு காயப்பட்ட பிள்ளைகள் ஏராளம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. பிள்ளை நின்று தள்ளிச் செல்லும் நடைவண்டி வேறு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதில் விளையாடலாம்.

6. எங்கே போவது, என்ன சொல்வது

இங்கிலாந்தில் ஹெல்த் விசிட்டர் சேவை இலவசம். பிறந்து 10 முதல் 14 நாளுக்குள், 6 முதல் 8 கிழமையில், 9 முதல் 12 மாதத்தில், 2 முதல் 2½ வயதில் பிள்ளையைப் பார்க்கவேண்டியது அவர்கள் கடமை. அழைப்பு வராவிட்டால் நீங்களே தொலைபேசியில் கேளுங்கள். ஜீ.பீ.யிடம் பதிவதற்கு வதிவிட அனுமதிப் பத்திரம் தேவையில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களும் அஞ்சாமல் பதியலாம்.

மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார். அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே “தமிழ்” என்று கேளுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியைப் பற்றிய கெட்ட செய்தியைப் பத்து வயதுப் பிள்ளை தாய்க்குச் சொல்லும் நிலை எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

கணக்கெழுதுவோர் ஒன்று அறிவர்: திகதி இல்லாத பதிவு பதிவாகாது. “பிள்ளை பிந்துது” என்று மட்டும் சொன்னால் வைத்தியர் “பொறுத்துப் பாருங்கள்” என்று அனுப்பிவிடக்கூடும். எப்போது தலை நின்றது, எப்போது இருந்தது, எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று சிவப்புப் புத்தகத்தில் திகதியுடன் குறித்து வையுங்கள். பிள்ளை நகரும் விதத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். மச்சான் மச்சாள் முறையில் மணம் முடித்தவர்களாயின் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில பரம்பரை நோய்களைத் தேடுவதற்கு அது உதவும்.

7. பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளை பிந்தினால் குற்றம் தாய் மீதே சுமத்தப்படுவது எம்மிடையே உள்ள வழக்கம். பத்தியம் காக்கவில்லை, கர்ப்பத்தில் வேலைக்குப் போனாள், எந்நேரமும் தூக்கி வைத்திருக்கிறாள் என்று காரணங்கள் அடுக்கப்படும். இவ்வகைப் பேச்சால் எந்தப் பிள்ளையும் ஒரு நாள் முந்தி நடந்ததில்லை. மாறாக, வெளியில் தெரிந்தால் வெட்கம் என்று குடும்பம் மறைக்கின்றது. மறைக்கும் மாதங்களே பிள்ளைக்கு மிகவும் வேண்டிய மாதங்களாக இருக்கின்றன.

நாவூறு கழியுங்கள், நூல் கட்டுங்கள், நேர்த்தி வையுங்கள். எவரும் தடுக்கவில்லை. ஆனால் அப்பொயின்ட்மென்ட் உள்ள நாளில் பிள்ளையைக் கொண்டு செல்லுங்கள். தாய் தனியே போகாமல் தகப்பனோ மாமியோ ஒருவர் துணைக்குச் செல்லுங்கள். அடுத்த முறை மண்டபத்தில் இளம் தாயொருவரைக் கண்டால் “பிள்ளை நடக்குதோ?” என்று கேட்பதற்கு முன், “நீர் சாப்பிட்டனீரோ பிள்ளை?” என்று கேட்டு, குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருங்கள்.

மீட்டுப் பார்க்க

1. உங்கள் பிள்ளையின் சிவப்புப் புத்தகம் எங்கே இருக்கின்றது? கடைசியாக அதில் எழுதப்பட்ட திகதி என்ன?
2. வைற்றமின் டீ துளி மருந்து இன்று கொடுக்கப்பட்டதா?
3. நீங்களும் உங்கள் துணைவரும் எத்தனை மாதத்தில் நடந்தீர்கள்? இக்கிழமை ஊருக்குக் கதைக்கும்போது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.