பாலத்துக் கைப்பிடி ஏன் உடைஞ்சது?

பள்ளிபாளையத்துல இருந்து ஈரோடு போற காவிரிப் பாலத்துல நின்னு, நம்ம இதழோட அட்டைக்காக ஒரு பனோரமா எடுத்தேன். தண்ணி நல்லா வந்திருந்தது, எதிர்க்கரையும் நல்லா வந்திருந்தது. பக்கத்துல இருந்த கைப்பிடி மட்டும் மூணு இடத்துல வெட்டி ஒட்டின மாதிரி. படம் போச்சு. போன் மேல தப்பில்லை மக்களே, நான் நின்ன விதம்தான் தப்பு.

இதுதான் பாரலாக்ஸ். ஸ்கேலைச் சாய்வா பார்த்தா அளவு மாறும்னு ஸ்கூல்ல ‘இடமாறு தோற்றப் பிழை’ படிச்சோமே, அதேதான். பார்க்கும் இடம் நகர்ந்தால் கிட்ட இருக்கிற பொருள் நிறைய நகர்ந்த மாதிரியும், தூரத்துப் பொருள் கொஞ்சமா நகர்ந்த மாதிரியும் தெரியும். ஈரோட்டுல சேலம் ரயில் ஏறிப் பாருங்க. தண்டவாளத்தோரக் கம்பங்கள் பறக்கும், சங்ககிரி மலை ஆடி அசைஞ்சு கூடவே வரும்.

என் படத்துக்கு வருவோம். கையை நீட்டிப் பிடிச்சதுல போன் உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தது. அப்படியே 90 டிகிரி திரும்பினால் போன் கிட்டத்தட்ட 70 செ.மீ. இடம் மாறிடும். 2 மீட்டரில் இருக்கிற கைப்பிடிக்கு அது 20 டிகிரி அளவுக்குக் கோண மாற்றம். 400 மீட்டர் தள்ளி இருக்கிற மரத்துக்கு வெறும் 0.1 டிகிரி. சாஃப்ட்வேர் மரத்தைப் பொருத்தினால் கைப்பிடி பொருந்தாது, அவ்வளவுதான்.

அதனால போன் உங்களைச் சுத்தக் கூடாது, நீங்கதான் போனைச் சுத்தணும். லென்ஸுக்குக் கீழே வர்ற மாதிரி ரப்பர் பேண்டுல ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்க விடுங்க. (நூலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா?) தரையில் சாக்பீஸ் புள்ளி வைங்க. நட்டு அந்தப் புள்ளிக்கு மேலேயே நிற்கட்டும், உங்க கால் மட்டும் சுத்தி வரட்டும். ரெண்டாவது தடவை கைப்பிடி ஒரே கோடா வந்தது.

வீடியோவுல கதை தலைகீழ். அங்கே பாரலாக்ஸ் இல்லைன்னா காட்சி தட்டையாத் தெரியும். ஜூம் பண்ணினால் அது வராது. எல்லாம் ஒரே அளவில் பெருசாகும், அவ்வளவுதான். நின்ன இடத்துல கேமராவைத் திருப்பினாலும் வராது. கேமரா நகரணும். விசைத்தறிக் கூடத்துல வரிசைக்குப் பக்கவாட்டுல ஒரு மீட்டர் மெதுவா நடந்து எடுங்க. முன்னாடி இருக்கிற தறி விலக விலக, பின்னாடி தறிகள் ஒவ்வொண்ணா வெளியே வரும். ஓனர்கிட்ட கேட்டுட்டு எடுங்க. தறிச் சத்தத்துல பேச்சு எதுவும் கேட்காது, அதைத் தனியா ரெக்கார்ட் பண்ணிக்கோங்க.