வழி சொல்லும் கருவியும் நான்கு செயற்கைக்கோள்களும்

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வழிகாட்டிக் கருவியுடன் தில்லியில் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். இன்று கைபேசியே அந்த வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதான்.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவிக்கின்றன. சமிக்ஞை வந்துசேர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று தூரங்கள் தெரிந்தால் நம் இடம் தெரியும். ஆனால் கருவியின் கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் தவறிவிடும். அந்தப் பிசகைக் கணக்கிடவே நான்காவது செயற்கைக்கோள்.

மேம்பாலத்தின் மேலே போனாலும் கீழே போனாலும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான். கருவி எளிதில் குழம்பும். நோயாளியுடன் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு விரைபவர் அங்குள்ள மேம்பாலத்தில் ஏறிவிட்டால் அரிய நிமிடங்கள் வீணாகும். ஆகவே பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

நான் பணியாற்றிய ரயில்வேயில், மூடுபனிக் காலத்தில் இதே ஜி.பி.எஸ். கொண்ட கருவி அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் என்று எஞ்சின் ஓட்டுநருக்குச் சொல்கிறது. அது சிவப்பா பச்சையா என்று சொல்லாது. அதை ஓட்டுநர்தான் கண்ணால் பார்க்க வேண்டும். காருக்கும் அதுவே விதி.